இரண்டாம் நிலவை மறைத்தவர்

ஆபீசில் அவருக்குப் பலூன்காரர் என்று பெயர். அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, "கேஸ் பலூனா, வாயால ஊதறதாங்க?" என்று விசாரித்த வெளியாட்களும் உண்டு. அவர் எதையும் விற்பவரல்ல. வெளிநாட்டுச் சித்திரக்கதைகளை வாங்கி நம் மொழியில் போடும் பத்திரிகை அது. படத்திலிருக்கும் ஆட்களின் வாயிலிருந்து வெள்ளையாக ஒரு முட்டை கிளம்புமே, அதற்குள் இருக்கும் அந்நிய வசனத்தைத் துடைத்துவிட்டு, நம் வசனத்தைக் கம்ப்யூட்டரில் உட்கார வைப்பது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக உட்கார வைத்துக்கொண்டிருக்கிறார்.

கேட்பதற்கு லேசான வேலைதான். ஆனால் அந்நிய வீரர்கள் வார்த்தை விஷயத்தில் மகா கஞ்சர்கள். கட்டடம் தலையில் இடிந்து விழும்போதுகூட இரண்டெழுத்தில் கத்திவிட்டு ஓடிவிடுவார்கள். நம் மொழிக்கு வந்தபின் அவர்களால் அப்படி ஓட முடியுமா? "ஐயோ, அகப்பட்டுக்கொண்டேனே!" என்று முடிப்பதற்குள் பலூன் நிரம்பி வழியும். வார்த்தையை இரண்டாக உடைத்தால் ஆசிரியர் கோபிப்பார். எழுத்தைச் சிறிதாக்கினால் வாசகர்கள் பூதக்கண்ணாடி கேட்டுக் கடிதம் போடுவார்கள். ஆகவே பலூனைப் பெரிதாக்குவது ஒன்றே வழி. அதையும் பக்கத்து ஆளின் தலைமேல் ஏற்றக்கூடாது, வில்லனின் துப்பாக்கிமேல் ஏற்றக்கூடாது. வானம்தான் சும்மா கிடக்கும். அந்தப் பக்கமாக இழுத்துவிடுவார்.

அப்படி இழுத்ததில்தான் ஒரு நிலவு போயிற்று.

'சாம்பல் வீரன்' தொடரின் ஏழாவது இதழ் அது. சாம்பல் வீரனுக்கு மொத்தம் நாற்பத்தோரு உலகங்கள். ஒவ்வொன்றிலும் அவனைப் போலவே ஒருவன் இருப்பான். ஒன்றில் ராஜா, ஒன்றில் கைதி, இன்னொன்றில் சலூன் வைத்திருப்பவன். அவன் பிறந்த மூல உலகத்தைத் தனியாகக் காட்ட, படம் வரைந்தவர் அதன் வானத்தில் மட்டும் இரண்டு நிலவுகளைப் போட்டிருந்தார். பெரியது ஒன்று, அதன் தோளோரமாகச் சட்டைப் பட்டன் அளவுக்கு இன்னொன்று. ஏழாம் இதழின் பதினோராம் பக்கத்தில், வீரன் தன் தம்பியைப் பற்றி நீளமாக வருத்தப்பட்டான். அந்த வருத்தத்துக்கு இடம் போதாமல் பலூன்காரர் பலூனை இழுக்க, சின்ன நிலவு அடியில் மாட்டிக்கொண்டது. அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் விட்டிருப்பார். இருக்கிற ஒரு நிலவை நிமிர்ந்து பார்க்கவே யாருக்கு நேரமிருக்கிறது?

வீட்டில் அவர் தனியாள். சட்டப்படி தனியாள் இல்லை. மகளின் பிரசவத்துக்கு மூன்று மாசம் இருந்துவிட்டு வருகிறேன் என்று மனைவி விமானம் ஏறினாள். அந்தக் குழந்தை இப்போது பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது. முதலில் பிள்ளைக்குத் தலை நிற்கட்டும் என்றார்கள். பிறகு நடக்கட்டும், பிறகு மகள் வேலையில் நிலைக்கட்டும். சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. வரமாட்டேன் என்று அவளும் சொல்லவில்லை, வா என்று இவரும் அழுத்திச் சொல்லவில்லை. தேதி மட்டும் தள்ளிக்கொண்டே போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும்.

"சொல்லுங்க."

"நீ சொல்லு."

"என்னத்தச் சொல்ல... டேய், அதக் கீழ போடு! உங்களச் சொல்லலீங்க."

"தெரியுது, தெரியுது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒன்னுமில்ல."

"சரி, வெச்சிடவா? இவன் சோபா மேல ஏறிட்டான்."

மொத்தம் நாலு நிமிஷம். பேரன் அவரைத் திரையில் பார்த்தால் 'போன் தாத்தா' என்பான். மருமகனின் அப்பா அங்கேயே இருப்பதால், அவர் வெறும் தாத்தா.

ஏழாம் இதழ் வந்து ஒரு வாரம் கழித்து, ஆசிரியருக்குப் பதினோரு பக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. ஆசிரியர் எதையும் கடைசிவரை படிப்பவரல்ல. தான் எழுதும் தலையங்கத்தையே முக்கால்வாசியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்.

"பலூன்காரரே, இதக் கொஞ்சம் பாருங்க. நிலாவக் காணோமாம். அண்டம் இடிஞ்சு விழுதாம். போலீஸ்ல புகார் குடுக்கச் சொல்லலாமா?" என்று சிரித்துவிட்டுக் கடிதத்தைக் குப்பைக்கூடைப் பக்கம் நீட்டினார். பலூன்காரர் நடுவில் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

'பேரண்டச் சரிவு ஆய்வு மன்றம்' என்று கடிதத்தின் தலையில் அச்சடித்திருந்தது. அடியில் கையெழுத்துக்குப் பதில் 'தலைமை ஆய்வாளர்' என்ற முத்திரை. விஷயம் இதுதான்: மூல உலகத்தின் இரண்டாம் நிலவு மறைந்தது தற்செயல் அல்ல, நாற்பத்தோரு உலகங்களும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரியத் தொடங்கிவிட்டன, வாய்விட்டுச் சொல்ல முடியாத பெரிய உண்மையைக் கதாசிரியர் நிலவை மறைத்து உணர்த்துகிறார். பலூனின் விளிம்பு எத்தனை பாகையில் வளைகிறது, நிலவின் மையத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி வெட்டுகிறது என்பதற்கெல்லாம் வரைபடம் போட்டிருந்தார்கள்.

பலூன்காரர் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். பலூன் வேலையில் ஒரு சங்கடம் உண்டு. நன்றாகச் செய்தால் யார் கண்ணிலும் படாது. இருபத்தாறு வருஷத்தில் அவர் பலூனை யாரும் பாராட்டியதில்லை, திட்டியதுகூட இல்லை. இப்போது யாரோ ஒரு புண்ணியவான் அதன் வளைவை அளவுகோல் வைத்து அளந்திருக்கிறார்.

கடைசிப் பக்கத்தில் போன் எண் இருந்தது. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று அவர்களுடைய போன் குழுவில் சேர்ந்தார்.

மன்றத்தில் முதலில் முப்பத்துநாலு பேர் இருந்தார்களாம். பதவிகள் முப்பத்தொன்று. பதவி கிடைக்காத மூன்று பேரும் கோபித்துக்கொண்டு போய் 'உண்மையான பேரண்டச் சரிவு ஆய்வு மன்றம்' என்று தொடங்கிவிட்டார்கள். அதில் மூவருமே தலைவர்கள். இங்கே மிச்சமிருந்தவர்களில் தலைமை ஆய்வாளர், இணைத் தலைமை ஆய்வாளர், துணை இணைத் தலைமை ஆய்வாளர் போக, ஒவ்வொரு உலகத்துக்கும் ஒரு பொறுப்பாளர். ஆள் போதாததால் சிலருக்கு இரண்டு உலகம். சொந்தப் பெயர் சொல்லக்கூடாது என்பது விதி. பலூன்காரர் 'ஓரத்து நாற்காலி' என்று பெயர் வைத்துக்கொண்டார்.

"மன்னிக்கவும். அந்த நிலவை மறைத்தது நான்தான். வசனம் நீளம்" என்று ஒரே விரலால் தட்டி முடித்தார். அனுப்புவதற்குள் 'கேட்டம்மா' என்ற பெயரில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

"புதுசா வந்த அண்ணா, சாப்டீங்களா?"

பலூன்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தட்டியதை அழித்தார். "ஆச்சும்மா" என்று அனுப்பினார்.

"என்ன சாப்டீங்க?"

"அவிச்ச முட்டை."

"வெறும் முட்டையா?"

அவ்வளவுதான், அண்டம் சரிவதை எல்லோரும் அப்படியே நிறுத்தி வைத்துவிட்டார்கள். முட்டை மட்டும் போதாது என்றார் துணை இணைத் தலைமை ஆய்வாளர். எத்தனை முட்டை என்று ஒன்பதாம் உலகப் பொறுப்பாளர் கேட்டார். மஞ்சள் கரு வயதானவர்களுக்கு ஆகுமா ஆகாதா என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் தலைமை ஆய்வாளர் வந்து, "ஆய்வுப் பொருளிலிருந்து விலகுதல் அறிவுலகுக்கு அழகன்று. எனினும் அன்பர் நன்கு உண்ண வேண்டும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

மன்னிப்பை நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று பலூன்காரர் தள்ளி வைத்தார். தேதி தள்ளிப்போவது அந்த வீட்டுக்குப் பழகிப்போனதுதானே.

நாளைக்கும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரம், அடுத்த இதழின் பதினாலாம் பக்கத்தில் நிலவு திரும்ப மறையும் என்று இணைத் தலைமை ஆய்வாளர் கணக்குப் போட்டுச் சொன்னபோது, பலூன்காரரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அன்று மத்தியானம்தான் அந்த இதழை முடித்திருந்தார். "பதினாலுல இல்லைங்க. பத்தொன்பதுல" என்று போட்டுவிட்டார். இதழ் வந்தது. பத்தொன்பதில் நிலவு இல்லை. வீரனின் சித்தப்பா நீளமாகப் பேசியிருந்தார்.

குழு ஆடிப்போய்விட்டது. அடுத்த இதழிலும் சொன்னார், பலித்தது. மூன்றாம் முறை பலித்த அன்று, ஓரத்து நாற்காலியை நடு ஹாலுக்குக் கொண்டுவந்து போட்டு, 'திரிகாலர்' என்ற பட்டம் சூட்டினார்கள். ஆபீசில் ஒரு பேனா கேட்டால்கூட நாலு நாள் கழித்துக் கொடுக்கும் மனிதருக்கு, முக்காலமும் தெரிந்தவர் என்று பட்டம். அவருக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டதும், "திரிகாலர் வந்தாச்சா?" என்று முப்பத்தொரு பேர் கேட்டால், சிரித்துவிட்டுப் போய்விட முடியுமா? காய்ச்சல் வந்த வாரம் கஷாயம் சொன்னார்கள். கண்ணாடி உடைந்தபோது எங்கே மலிவு என்று சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிஷம் முடிந்தபிறகு மிச்சமிருக்கும் வாரம் முழுவதும் அந்தக் குழுதான்.

இந்த நிலையில், வசனம் சின்னதாக இருந்துவிட்டால் என்ன ஆகும்? பன்னிரண்டாம் இதழில் அதுதான் ஆயிற்று. வீரர்கள் எல்லோரும் அடக்கமாகப் பேசினார்கள். எந்தப் பலூனும் வானத்துக்குப் போகவில்லை. பலூன்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு இருபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு பலூனைப் பிடித்து இழு இழு என்று இழுத்துவிட்டார்.

ஆசிரியர் அன்றைக்கென்று பார்த்து அந்தப் பக்கத்தைக் கடைசிவரை பார்த்தார். "என்னங்க இது? 'சரி'ங்கற ஒரு வார்த்தைக்குக் குளிக்கற தொட்டி மாதிரி பலூன்?"

"அது... ரொம்ப அழுத்தமா சொல்ற 'சரி' சார்."

"அப்படியா! நம்ம வீட்டுல எல்லாம் 'சரி'ன்னா உதடுகூட அசையாது" என்று ஆசிரியர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அதன்பிறகு இதழுக்கு ஒரு நிலவு என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. குழுவில் இரண்டு கட்சிகள் உண்டாயின. உலகங்கள் மேலிருந்து கீழே சரிகின்றன என்பவர்கள் ஒரு பக்கம், உள்ளேயிருந்து வெளியே சரிகின்றன என்பவர்கள் ஒரு பக்கம். இரண்டு கட்சிக்கும் ஆதாரம் திரிகாலர்தான். தலைமை ஆய்வாளர் ஒரு படி மேலே போய்ச் சபதமும் செய்தார்: "இத்தொடரின் இறுதி இதழில் இரண்டாம் நிலவு தோன்றுமாயின், நம் கோட்பாடு பொய். அன்றே மன்றத்தைக் கலைத்துவிட்டு, ஆய்வுலகிலிருந்து துறவு பூணுவேன்." எல்லோரும் கைதட்டும் படம் போட்டார்கள். பலூன்காரரும் போட்டார். எத்தனை பெரிய பலூன் வேண்டுமானாலும் போட அவர் தயாராக இருந்தார்.

இருபதாவது இதழ், கடைசி இதழ், அவர் மேசைக்கு வந்தது. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனவர் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார். பக்கம் முழுக்க ஒரே படம். மலையுச்சியில் சாம்பல் வீரன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். மேலே இரண்டு நிலவுகள். சின்னது இப்போது தட்டு அளவுக்கு வளர்ந்து நடுவானத்தில் இருக்கிறது. எங்கேயும் ஒரு வசனம் இல்லை. ஒரு பலூன் இல்லை. படம் வரைந்தவர் அவனைப் பேசாமல் நிற்க வைத்துவிட்டார்.

பேசாத ஆளுக்குப் பலூன் எப்படிப் போடுவது?

அவர் போட்டுப் பார்க்காமல் இல்லை. பெரிதாக ஒரு வெள்ளை முட்டையை வரைந்து நிலவின்மேல் வைத்தார். உள்ளே என்ன எழுதுவது என்று யோசித்தார். 'ஆஹா!' என்று போட்டார். பார்க்கச் சகிக்கவில்லை. 'எல்லாம் முடிந்தது!' என்றார். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவன் யாரிடம் அதைச் சொல்வான்? பத்திருபது வசனம் போட்டுப் போட்டு அழித்தார். எல்லாமே அவன் சொன்னது போல இல்லாமல், ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய் விளக்கைப் போட வேண்டிய ஒருவர் சொன்னது போலவே இருந்தது. ஆபீசைப் பூட்டும் நேரத்துக்கு, பலூனை எடுத்துவிட்டுப் பக்கத்தை அப்படியே அச்சுக்கு அனுப்பினார்.

சபதம் பலித்துத் தலைமை ஆய்வாளர் எல்லோர் முன்னும் தலைகுனிவதைவிட, தான் முந்திக்கொண்டு சொல்லிவிடுவது மரியாதை என்று அவருக்குப் பட்டது. இதழ் கடைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னால், சாயங்காலம், ஒன்றுவிடாமல் எழுதினார். தான் யார், எங்கே வேலை செய்கிறார், பலூன் என்றால் என்ன, சித்தப்பா ஏன் நீளமாகப் பேசினார், 'சரி' ஏன் தொட்டி மாதிரி இருந்தது என்று எல்லாம். மூலப் பக்கத்தையும் நம் பக்கத்தையும் அருகருகே வைத்துப் படமும் எடுத்து அனுப்பினார். கடைசியில், "உங்களை எல்லாம் ஏமாற்ற நினைக்கவில்லை. உங்களோடு பேசிக்கொண்டிருக்க நினைத்தேன்" என்று முடித்தார்.

 முதலில் ஒன்பதாம் உலகப் பொறுப்பாளர் எழுதினார்: "இது நம்ம திரிகாலர் பேசற மாதிரியே இல்லையே?"

"ஆமாம், அவர் இவ்வளவு நீளமா எழுதவே மாட்டார்" என்றார் இன்னொருவர்.

"திரிகாலர் பலூன் போடறவராம்! கேட்கறவன் கேனயனா இருந்தா..." என்றார் மூன்றாமவர்.

அங்கிருந்து விஷயம் தானாக உருண்டது. தலைமை ஆய்வாளர் ஒரு மணி நேரத்தில் அறிக்கை விட்டார். உலகங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. நம் திரிகாலர் எங்கோ ஓர் உலகத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டிருக்கிறார். அவருடைய நாற்காலியில், அவரைப் போலவே தோற்றமுள்ள, பலூன் போடும் ஒரு நகல் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இந்த எண் குழுவிலிருந்து நீக்கப்படுகிறது.

அவர் "ஐயா, நான்தாங்க" என்று தட்டிக்கொண்டிருக்கும்போதே நீக்கப்பட்டார்.

இதழ் வெளிவந்தது. இரண்டாம் நிலவு தட்டு அளவுக்கு ஜொலித்தது. மன்றம் கலையவில்லை. திரிகாலரை விலையாக வாங்கிக்கொண்டு நிலவைத் திருப்பித் தந்துவிட்டது பேரண்டம் என்று இணைத் தலைமை ஆய்வாளர் பதினெட்டுப் பக்கத்தில் நிறுவினார். அந்தக் கட்டுரையை அவர் பத்திரிகைக்கே அனுப்ப, ஆசிரியர் முதல் பத்தியோடு நிறுத்திவிட்டு அதைப் பலூன்காரரிடம் நீட்டினார். ஒருவர் தன் இரங்கல் செய்தியை ஆபீஸ் நேரத்தில் படிப்பது அபூர்வம். நன்றாகவே எழுதியிருந்தார்கள். மஞ்சள் கருவைக்கூட விடவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டால், ஒரு சத்தமும் இல்லை. போனைத் திருப்பி வைத்தார், நிமிர்த்தி வைத்தார். கெட்டுவிட்டதோ என்று ஆபீஸ் தொலைபேசியிலிருந்து தானே அதைக் கூப்பிட்டும் பார்த்தார். நன்றாக அடித்தது.

பதினாலாம் நாள் அது தானாக அடித்தது. பெண் குரல்.

"அண்ணா, நான் கேட்டம்மா. குழுவுல உங்க நம்பரப் பழைய லிஸ்ட்லேருந்து எடுத்தேன். உடம்பு நல்லாருக்கா?"

"இருக்கும்மா. ஆனா நான் நகலாமே? என்கிட்ட பேசலாமா?"

அந்தப் பக்கம் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. "இருங்கண்ணா, ஒரு சீட்டு குடுத்துட்டு வந்துடறேன்... ஆங், சொல்லுங்க. நான் வண்டி நிறுத்தற எடத்துல, கேட்டுப் பக்கத்துக் கூண்டுக்குள்ள உக்கார்றவ. பூமிக்கடியில ரெண்டாவது தளம். ஒரு நாளைக்கு நானூறு கை பாக்கறேன், ஒரு மூஞ்சி பாக்கறதில்ல. அதான் கேட்டம்மான்னு பேரு."

"உனக்காவது நான் சொன்னது உண்மைன்னு தெரியுதா?"

"அட, அது அன்னிக்கே தெரியும்ண்ணா. 'சரி'ன்னு ஒரு வார்த்த, அதுக்கு அவ்ளோ பெரிய பலூன். யாரோ வேணும்னே இழுத்திருக்காங்கன்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே."

"மத்தவங்களுக்கு?"

"பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் புத்தகத்தையே வாங்கறதில்ல. நம்பறதுக்கா அங்க வந்தோம்? நீங்க ஒருத்தர்தான் அத உண்மைன்னு எடுத்துக்கிட்டு மன்னிப்பெல்லாம் கேட்டுட்டீங்க." அவள் சிரித்தாள். "திரும்பி வாங்கண்ணா. வந்து, நான்தான் அசல், வேற உலகத்துக்குப் போயிட்டு வந்தேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஆனா தலைவர் விசாரண வெப்பாரு. கொஞ்சம் பொறுத்துக்குங்க, அவருக்கும் பொழுது போகணும்ல?"

பலூன்காரர் மூன்று நாள் யோசித்தார். உண்மையைச் சொன்னவரை வெளியே தள்ளினார்கள். பொய் சொன்னால் உள்ளே விடுவார்கள். மானமுள்ளவர் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மானமுள்ளவருக்கு ஆறு மணிக்கு என்ன வேலை என்பதுதான் தெரியவில்லை. நாலாம் நாள் விண்ணப்பித்தார்.

விசாரணை போனில், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நடந்தது. முழங்கும் ஒரு குரலை எதிர்பார்த்திருந்தார். வந்தது ஜலதோஷம் பிடித்த, மெல்லிய குரல்.

"வணக்கம். பேரண்டச் சரிவு ஆய்வு மன்றத்தின் சார்பாக... ஒரு நிமிஷம் ஐயா, குடையத் தேடி ஆள் வந்திருக்காங்க. கருப்பா? எல்லாமே கருப்புதாங்க. உள்ள வந்து பாத்துக்குங்க." குரல் திரும்பி வந்தது. "மன்னிக்கணும். நான் பஸ் டிப்போல, தொலஞ்ச பொருள் பிரிவுல இருக்கேன். எங்க விட்டோம்? ஆம். முதல் வினா. தாங்கள் மறைந்திருந்த பதினேழு நாட்களும் எவ்வுலகில் இருந்தீர்கள்?"

"இருபத்தாறாவதுங்க." வாயில் வந்ததைச் சொன்னார்.

"அவ்வுலகின் தன்மை யாது? அரண்மனைகள் உண்டா? வான ஊர்திகள்?"

இதற்கெல்லாம் பதில் எழுதித் தாளில் வைத்திருந்தார். கண்ணாடிக் கோபுரம், மூன்று சூரியன், பேசும் இரும்பு நாய் என்று ஒரு பக்கம். தாள் மேசையில்தான் இருந்தது. வாய் வேறு எதையோ சொல்லியது.

"அதெல்லாம் ஒன்னுமில்லீங்க. ஒரு வீடு. ரெண்டாவது மாடி. நான் கதவத் தொறக்கறேன், உள்ள ஏற்கெனவே விளக்கு எரியுது. சமையல்கட்டுல ஒரு அம்மா நின்னு திட்டிக்கிட்டிருந்தாங்க. எண்ணெய் பாட்டில மூடாம வெச்சுட்டாராம்."

"யார் மூடாம வெச்சது?"

"நான்தான். அதாவது, அங்க இருக்கற நான். சோபால உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். திட்டறது காதுலயே விழாத மாதிரி."

"உங்களப் பாத்தாங்களா?"

"இல்லீங்க. நான் கதவோரமாவே நின்னேன்."

தலைமை ஆய்வாளர் மூக்கை உறிஞ்சினார். இலக்கணத் தமிழ் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. "ஏங்க, அவ்ளோ நல்லாருந்தா அங்கயே இருந்திருக்கலாம்ல? எதுக்குத் திரும்பி வந்தீங்க?"

"எப்படிங்க இருக்கறது? அங்கதான் ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரே."

பின்னால் குடை தேடுகிறவர், இது இல்லை, இதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.  கேட்பதாக இருந்த மற்றப் பதினோரு வினாக்களும் என்ன ஆயினவோ. "வாங்கய்யா. நீங்க உள்ள வாங்க" என்று மட்டும் சொல்லித் தலைமை ஆய்வாளர் போனை வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே சேர்த்துக்கொண்டார்கள். திரிகாலர் மீண்டார் என்று தோரணம், பட்டாசு, பூங்கொத்து எல்லாம் படமாக வந்தன. தொடர்தான் முடிந்துபோயிற்று, இனி எதைப் பற்றிப் பேசுவார்கள் என்று கவலைப்பட்டிருந்தார். அந்தக் கவலையே வைக்கவில்லை. இருபத்தாறாம் உலகத்து அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் அசலா, நகலா? எண்ணெய் பாட்டில் திறந்திருந்தது உலகங்களுக்கிடையே இருக்கும் திறப்பின் குறியீடா? மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாட்டில் கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று இரண்டு கட்சி பிரிந்தது. அவரும் சளைக்காமல் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். கண்ணாடி. அரை லிட்டர். புடவை அரக்கு நிறம். இல்லை, மூக்குக்கண்ணாடி போடுவதில்லை, படிக்கும்போது மட்டும்.

துணை இணைத் தலைமை ஆய்வாளர் கேட்ட கேள்வியில்தான் மாட்டிக்கொண்டார். "அவ்வம்மையார் என்ன சொல்லித் திட்டினார்? சொல்லுக்குச் சொல் தேவை. ஆய்வுக்கு அதுவே அடிப்படை."

பலூன்காரர் எழுத ஆரம்பித்து நிறுத்தினார். குரல் நினைவிருந்தது. கரண்டியை வைக்கும் சத்தம் நினைவிருந்தது. முப்பது வருஷம் கேட்ட வசனம், ஒரு வார்த்தைகூட வரவில்லை. அப்போதெல்லாம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் அல்லவா.

கிழமை புதன். இருந்தாலும் போனை எடுத்து அழுத்தினார். எட்டு முறை அடித்தபிறகு எடுத்தாள்.

"என்னங்க? என்ன ஆச்சு? உடம்புக்கு ஏதாவதா?"

"ஒன்னும் ஆகலம்மா. ஒரு சின்ன சந்தேகம். இந்த எண்ணெய் பாட்டில மூடாம வெச்சா, நீ என்ன சொல்லுவ?"

"என்னது?"

"எண்ணெய் பாட்டில். மூடி திறந்தே இருக்கு. நீ பாத்துட்ட. என்ன சொல்லுவ?"

"இதக் கேக்கவா புதன்கிழம போன் பண்ணீங்க? இங்க எனக்கு இருக்கற வேலைல..." அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. "இன்னும் மூடாமதான் வெக்கிறீங்களா? கரப்பான் விழுந்து கெடந்தா யார் எடுக்கறது? எத்தன தடவ சொல்லியிருப்பேன், ஒரு மூடியத் திருகறதுக்குக் கை நோகுதாங்க உங்களுக்கு? எண்ணெய் மட்டுமா, பேஸ்ட் மூடி, பேனா மூடி, அந்தத் தண்ணித் தொட்டி மூடி..."

அவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரும்பு நாய் எழுதியிருந்த தாளைத் திருப்பிப் போட்டுப் பேனாவைத் தேடி எடுத்தார்.

"...நான் அங்க இல்லேன்னா வீடு வீடாவே இருக்காதுன்னு எனக்குத் தெரியும், அந்த அலமாரிக் கதவும் திறந்துதான் கெடக்கும்..."

"கொஞ்சம் மெதுவாம்மா," என்றார் பலூன்காரர். "கரப்பானுக்கு அப்புறம் என்ன சொன்ன?"